ஒரு முகத்துக்கு இரண்டு வாய்

நூலகத்தில் அவளை எல்லோரும் குறிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேசைக்கு எது வந்தாலும் "குறிப்பு எங்க?" என்று கேட்பாள். ஒருநாள் ஏதோ ஞாபகத்தில் டீ கொண்டுவந்தவரிடமும் கேட்டுவைக்க, அவர் "சர்க்கரை கம்மி, போட்டது நான், சூடு போறதுக்குள்ள குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது.

புத்தக விவரம் எழுதிய அட்டைகள் போய்க் கணினி வந்த காலத்தில் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. மெட்டாடேட்டா என்று பலகையில் எழுதியதுமே மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஒரு புகைப்படத்துக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. யார், எங்கே, எப்போது என்று பக்கத்தில் யாராவது எழுதிவைத்தால்தான் தேடுகிறவர் கைக்கு அது வரும். எழுதாமல் விட்டால் இருந்தும் இல்லாத கதைதான். பிறகு அவளே மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். கேமரா காட்டும் தேதியை நம்பாதீர்கள் என்பது அவள் வாயில் தேய்ந்துபோன பாடம். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அதன் கடிகாரம் கண்டபடி ஓடும். தேதியைப் படத்துக்குள்ளே தேடுங்கள் என்பாள்.

மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவின் படங்கள் மொத்தமும் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் விவரம் ஏற்றி இணையத்தில் போட வேண்டும். படத்தில் இருப்பவரின் பெயரை எழுத ஒருவர் சொன்னால் போதாது, இன்னொருவரும் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு முகத்துக்கு ரெண்டு வாய் என்று அதைக் கிண்டலாகச் சொல்லுவார்கள்.

அப்படி ஒரு முற்பகலில்தான் நூலகத்தில் நடந்த பரிசளிப்பு விழாப் படம் ஒன்றில் தன் மகளைப் பார்த்தாள். முன்வரிசையில் பிள்ளைகள் கோப்பையோடு நிற்க, பின்னால் ஒரு பெண் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகம் முக்கால்வாசிதான் தெரிந்தது. அதே நெற்றி, வேலை செய்யும்போது லேசாகத் திறந்திருக்கும் அதே வாய். கேமராவின் தேதியும் மகள் கல்லூரியில் சேர்ந்த வருடத்தைத்தான் காட்டியது. அதற்கடுத்த வருடம் மூளைக்காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள்.

இரண்டாவது வாய்க்கு எங்கே போவது? கணவன்தான் மிச்சம். லிஃப்ட் பழுதுபார்க்கிற மனுஷன். மகள் போன பிறகு அவளுடைய படங்களையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டவன், அதன்பின் அவள் பேரை வாயால் சொன்னதில்லை. இவளும் கேட்டதில்லை. வீட்டில் அந்த ஒரு பேச்சை மட்டும் இருவரும் சுற்றிக்கொண்டே நடந்தார்கள்.

ஒரு வாரம் தயங்கிவிட்டுத்தான் சொன்னாள். மறுப்பான் என்று நினைத்தாள். மறுநாள் வேலை உடுப்போடு, நகக்கண்ணில் கிரீஸோடு வந்து நின்றான். நூலகர் மரியாதைக்கு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. திரைக்குக் கிட்டே போய் நெடுநேரம் பார்த்தான்.

"இவதான்," என்றான். "வீட்ல சாப்பிட்ட தட்ட எடுத்து வச்சதில்ல கழுத. இங்க வந்து நாற்காலி அடுக்குறா பாரு."

நூலகர் சிரிக்கப் போய், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

திரும்பும்போது பேருந்தில் மெதுவாகக் கேட்டான். "பேர அடிச்சுத் தேடினா வருவாளா?"

"வருவா."

அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தது, கணக்கு வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைத்து மாட்டிக்கொண்டது. பெற்றவளுக்கே தெரியாத சங்கதிகள் சிலவும் இருந்தன. சாதம் ஆறிப்போகும் வரை பேசினான். இத்தனை நாள் எங்கே வைத்திருந்தான் இதையெல்லாம் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

படங்களை இணையத்தில் போடுவதற்கு முன் கடைசியாகச் சரிபார்த்தபோது, அதே விழாவின் இன்னொரு படத்தில் கண் நின்றது. விருந்தினர் ஒருவர் வாசலில் சரிவுப் பாதையின் கைப்பிடியைப் பிடித்தபடி ஏறுகிறார். அந்தக் கைப்பிடியை அவளுக்குத் தெரியும். மகள் காரியமெல்லாம் முடிந்து விடுப்பு தீர்ந்து வேலைக்குத் திரும்பிய அன்றுதான் அதைப் புதிதாக நட்டுச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். வாசல் அடைத்திருந்ததால் பின்பக்கம் சுற்றித்தான் உள்ளே வந்தாள். முன்வாசலில் யார் முகத்திலும் விழிக்காமல் போனது அன்று எவ்வளவோ தேவலை என்றிருந்தது.

கைப்பிடி வந்தபோது மகள் இல்லை. ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் தன் விஷயத்தில் மறந்துபோயிற்று. மறந்ததா, மறக்க வேண்டும் என்றிருந்ததா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

பேசாமல் விட்டிருந்தால் கேட்க நாதியில்லை. மகளின் பெயரை அழிக்கும்போது விரல் இரண்டு முறை விலகிப்போனது. "பெயர் தெரியாத இளம்பெண்" என்று அடித்தாள். அந்தப் பெண்ணையும் எங்கோ ஒருத்தி பெற்றிருப்பாள். அவள் தேடினால் வேறொருத்தியின் பெயரா வர வேண்டும்?

சாயங்காலம் அவன் கைகழுவிவிட்டு உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள். கைப்பிடியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

அன்று சாதம் ஆறும் முன்பே சாப்பிட்டு எழுந்துவிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவள் திரும்பியபோது அவன் ஏணியைச் சாய்த்துப் பரணில் ஏறியிருந்தான். தூசியோடு மூட்டையை இறக்கித் தரையில் அவிழ்த்தான்.

"இது அவதானே? இதுல சந்தேகமில்லையே? எழுது."

அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். முதல் படம், பள்ளிச் சீருடையில், முன்பல் விழுந்த சிரிப்பு. திருப்பிப் போட்டுப் பெயரை எழுதினாள். இடம், பள்ளி வாசல்.

"எந்த வருஷம்?"

"ரெண்டாவது படிச்சப்ப."

"இல்லங்க. மூணாவது. இந்தப் பை அப்பத்தான் வாங்கினோம்."

"பை முன்னாடியே இருந்துச்சு. நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

இருவரும் படத்தையே பார்த்தார்கள். கேட்டுத் தெளிந்துகொள்ள ஒருத்திதான் இருந்தாள். அவள் பல் விழுந்த வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள். வருடம் எழுத வேண்டிய இடத்தில், நூலகத்தில் செய்வதுபோலவே, அவள் ஒரு கேள்விக்குறியைப் போட்டாள். அவன் அடுத்த படத்தை நீட்டினான்.