மஞ்சப்பையில் போன சாவி

போன ஆடிக் கிருத்திகைக்கு அக்கா மகனுக்கு மொட்டை போடத் திருத்தணிக்குப் போயிருந்தோம். நான் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவள். ஒரு மருத்துவமனையின் நோயாளிகள் விவரம் இருக்கிற சர்வர் எங்கள் குழுவின் பொறுப்பு. அன்று அவசரம் என்றால் நான்தான் பார்க்க வேண்டும் என்பதால் லேப்டாப்பும் கூட வந்தது. அந்தக் கூட்டத்தில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு போவது திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். அதனால் துண்டில் சுற்றி மஞ்சப்பையில் போட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாற்றுத்துணிக்கு எல்லோரும் மஞ்சப்பைதான் கொண்டுவருவார்கள் என்பது புத்தியில் உறைக்கவில்லை. மொட்டை போடும் மண்டபத்தில் எல்லாம் முடிந்து திரும்பினால், என் பை இருந்த இடத்தில் யாருடையதோ ஈரவேட்டி இருந்த பை.

"இங்கதாம்மா பாத்துகினு இருந்தேன். கொழந்த அழுதுதுன்னு கொஞ்சம் திரும்பினேன்" என்றார் பாவா, அக்காவின் கணவர், முகம் வெளிறி.

போனில் சிக்னல் இல்லை. காவடிக் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓடினேன். ஒருவழியாக லைன் கிடைத்ததும் குழுத் தலைவர் கேட்ட முதல் கேள்வி:

"கமாண்ட் லைன்ல லாகின் பண்ணியே, அந்த டோக்கன் எங்க சேவ் ஆகுது?"

எனக்குத் தெரியவில்லை. கமாண்ட் லைன் என்கிற அந்தக் கருப்புத் திரையில் 'லாகின் ஆகிவிட்டது' என்று வந்தது, அத்தோடு விட்டுவிட்டேன். அவர் தேடிப் பார்த்துச் சொன்னார்: டோக்கன் என்கிற, சர்வரையே திறக்கும் அந்தச் சாவி, பூட்டில்லாத சாதாரண ஃபைலில் கிடக்கிறதாம். விவரம் தெரிந்தவன் கையில் சிக்கினால் யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் வெளியே போய்விடும். டோக்கனை அவர் ரத்து செய்து, இடையில் யாரும் நுழையவில்லை என்று பார்த்துச் சொல்லும்வரை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு மண்டபத்துக்கே திரும்பிப் போய் எல்லோரும் காத்திருந்தோம். சாயங்காலம் ஓர் அம்மா என் பையோடு மூச்சிரைக்க வந்தார்.

"எங்க பைன்னு நெனச்சி எடுத்துனு போயிட்டோம்மா. பஸ்ல துணி எடுக்கலாம்னு பாத்தா உள்ள இது இருக்குது. பாவம், யாருதோன்னு பதறிப் போயிட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன்.

இப்போது என் சாவிகள் எல்லாம் கம்ப்யூட்டரின் பூட்டிய பெட்டகத்தில்தான் இருக்கின்றன. அது பாஸ்வேர்டு கேட்கும்போதெல்லாம், முகம் தெரியாத நோயாளிகளின் மானம் அன்று வெறும் என் அதிர்ஷ்டத்தால்தான் தப்பியது என்ற நினைப்பு வருகிறது.