இணைகரத்துக்குள் ஒரு கோடு

கணக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் நம் இனத்தாருக்குத் தெரியும்: ஒன்றுமே புரியாதவர்தான் ரொம்ப அழகாகத் தலையாட்டுவார். காரைக்குடியில் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வர்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள்.

அளந்து பார்த்தவர்

ரஹ்மத் அக்கா கண்டனூரில் ஜாக்கெட் தைப்பவர். அங்கன்வாடி வேலைக்குப் பத்தாவது வேண்டும்; கணக்கில் மட்டும் இரண்டு முறை தோற்றிருந்தார். முதல் நாள் ஓர் இணைகரம் வரைந்து மூலைவிட்டம் போட்டேன். ஒரு மூலை 110 பாகை. பக்கத்து மூலையை மூலைவிட்டம் பிரித்ததில் ஒரு துண்டு 40. மற்ற கோணங்கள் என்ன என்று கேட்டேன். அக்கா பாகைமானியை வைத்து அளந்து 33, 37 என்றார். நான் கையால் கோணலாக வரைந்த படம் அது. “படத்தை நம்பாதீகக்கா, கொடுத்த அளவை மட்டும் நம்புங்க” என்றேன்.

“ஆளைப் பார்க்காமலே ஜாக்கெட் தைக்கச் சொல்லுறீக!”

மடித்ததும் திருப்பியதும்

எதிர்ப்பக்கங்கள் இணை, அதனால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். நான்கு நாள் சொன்னேன். நான்கு நாளும் தலையாட்டினார். ஐந்தாம் நாள் எனக்கே சந்தேகம் வந்து, காகித இணைகரத்தையும் கத்தரியையும் கொடுத்தேன். மூலைவிட்டத்தில் மடித்தார், மூலைகள் துருத்தின. வெட்டினார். ஒரு துண்டை அரைவட்டம் சுற்றி மற்றதன் மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. இங்கே 40 என்றால் எதிரேயும் 40. 180-இல் 110-ம் 40-ம் போக மிச்சம் 30 என்று அவரே எழுதினார்.

“இதைப் போயி நாலு நாளா வாயாலயே சொல்லிக்கிட்டு இருந்தீகளே, டீச்சர்.”

நான் செய்த பிழை

பரீட்சைக்கு முந்தின வாரம். அவசரத்தில் ஓர் இணைகரத்தின் 70 பாகை மூலையை மூலைவிட்டம் 35, 35 ஆகப் பிரிப்பதாகப் போர்டில் எழுதிவிட்டேன். சாய்சதுரத்துக்குத்தான் அது சரி. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ரஹ்மத் அக்கா மட்டும் பென்சிலைக் கீழே வைத்தார்.

“நீளமான பக்கத்தை ஒட்டித்தான கோடு சாயுது, சரிபாதியா எப்படிப் பிரிக்கும்? அழிச்சிருங்க.”

ரிசல்ட்டுக்கு மறுநாள்

தேறிவிட்டார். மறுநாள் வினாத்தாளோடு வந்து, எழுதாமல் விட்ட ஒரு கணக்கைக் காட்டி விளக்கச் சொன்னார். “அதான் பாஸாயிட்டீகளேக்கா, இனி எதுக்கு?” என்றேன்.

“வேலைக்குப் படிச்சது முடிஞ்சிருச்சு, டீச்சர். இது எனக்குத் தெரியணும்.”

பாஸாக வைப்பதுதான் என் தொழில். கணக்கைப் பிடிக்க வைத்தது ஏதோ கைத்தவறுதலாக நடந்துவிட்டது.