டாம்பர் திறந்திருக்கா சார்?

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போது நீங்கள் என்னைப் பார்க்கிற மாதிரிதான் நானும் அவர்களைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன், நம்பாவிட்டால் பரவாயில்லை.

அமெரிக்காவில், எடிசனில் நாங்கள் வாங்கியது பழைய வீடு. ஹாலில் குளிர்காய ஒரு கேஸ் ஃபயர்ப்ளேஸ். அதன் புகைபோக்கிக்குள் டாம்பர் என்று ஒரு இரும்பு மூடி உண்டு, எரிந்த வாயு வெளியே போகவேண்டும் என்று அது சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கிளிப் மாட்டியிருந்தார்கள். அந்த வழியாகக் குளிர்காற்று இறங்குகிறதே என்று, பெரிய மேதாவி மாதிரி, கிளிப்பைக் கழற்றி மூடியைச் சாத்திவிட்டேன். நெருப்புப் போடும்போது திறந்துகொள்ளலாம் என்று நினைப்பு. புகைக்கும் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கும் சேர்த்து ஒரு அலாரமும் இருந்தது. என் மனைவி சுமதி வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவாள், அதுவும் தவறாமல் அலறும். ஒரு நாள் எரிச்சலில் அதைக் கழற்றி கராஜில் போட்டேன், திரும்ப மாட்டவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். பனி பெய்து ஓய்ந்திருந்தது, சுமதி ஓக் ட்ரீ ரோட்டுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தாள். எங்கள் மகள் நிலாவுக்கு அப்போது ஐந்து வயது. குளிருது என்றாள், ஃபயர்ப்ளேஸைப் போட்டேன், டாம்பர் ஞாபகமே வரவில்லை. அவள் அதன் எதிரே சோஃபாவில் தூங்கிப்போனாள். எனக்கும் தலை கனத்தது, தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு கிச்சனுக்குக் காபி போடப் போனேன்.

ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் ஒரு ஆள், நிதானமான தமிழில், டாம்பர் திறந்திருக்கா சார் என்றார். எந்தக் கம்பெனி என்றேன், மறுபடியும் அதையே கேட்டார். என் நம்பர் யார் கொடுத்தது என்றேன், அதற்கும் அதே கேள்விதான். இப்போதெல்லாம் ஏமாற்றுக்காரர்கள் தமிழிலேயே பேசுகிறார்களே, என்னிடமா என்று நானும் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன்.

"எங்க வீட்ல ஃபயர்ப்ளேஸே கிடையாதுங்க."

"இருக்கு சார். நான் அது எதிர்லதான் உக்காந்திருக்கேன். பாப்பாவை எழுப்பிப் பாருங்க."

ஹாலுக்கு ஓடினேன். நிலாவைத் தவிர யாரும் இல்லை. உலுக்கினேன், எழவில்லை, தலை என் கையில் தொங்கியது. அந்த நிமிஷம் பயந்த மாதிரி நான் எப்போதும் பயந்ததில்லை. செருப்புகூடப் போடாமல் அவளைத் தூக்கிக்கொண்டு பனியில் இறங்கி 911 கூப்பிட்டேன். ஆம்புலன்ஸில்தான் கண்ணைத் திறந்தாள்.

எனக்கு எல்லார்மேலும் சந்தேகம். வீட்டை விற்றவர், வாங்கும்போது புகைபோக்கியைச் சோதிக்க வந்தவர், யாரையும் விடவில்லை. அந்த நம்பருக்குத் திரும்ப அடித்தேன், யாரோ ஒரு அமெரிக்கப் பாட்டி எடுத்துத் தான் யாரையும் கூப்பிடவில்லை என்றாள். அடுத்தவர் நம்பரிலிருந்து கூப்பிடுவதும் மோசடிக்காரர்கள் வழக்கம்தான். விஷவாயு உள்ளே போனால் இல்லாத பேச்செல்லாம் காதில் விழுமா என்று டாக்டரிடம் பொதுவாகக் கேட்டேன், விழும் என்றார். சரி, அப்படியே இருக்கட்டும் என்று அந்த ஆள் சொன்னதை சுமதியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிலா கேட்டாள்.

"அப்பா, வொய் டிட் வீ லீவ் தி அங்கிள் இன்சைட்?"

எந்த அங்கிள்டா என்றேன்.

"பை தி ஃபயர். ஹி வாஸ் ஆன் தி ஃபோன்."

இப்போது அவளுக்கு எட்டு வயது. அந்த அங்கிள் எப்படி இருந்தார் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.