யார் சொன்னால் தூக்குவது

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் அந்த நாலு பேரில் பலசாலி யார் என்று கேட்டால் எல்லாக் கையும் ஒருவரைத்தான் காட்டும். அவருக்குக் கிரேன் என்று பெயர். துணி துவைக்கும் இயந்திரத்தை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி இறங்குவார். கீழே வைத்துவிட்டு, மூச்சுக்கூட வாங்காமல், அடுத்து என்ன என்பார். அவர்களில் மூத்தவரும் அவரே. லாரியில் எதை முதலில் ஏற்றுவது, எதன்மேல் எதை அடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இவ்வளவு இருந்தும் அவர் "தூக்கு" என்றால் ஒருவரும் தூக்க மாட்டார்கள். அவருடைய துக்கம் மொத்தமும் அதுதான்.

கனமான சாமானை நாலு மூலையில் நாலு பேர் பிடித்தால் ஒருவர் குரல் கொடுத்தாக வேண்டும். நாலு மூலையும் ஒன்றாக எழும்பாவிட்டால் சாமான் சரியும்; யாருடைய விரலாவது மாட்டும். முதலாளி யாரையும் மேஸ்திரி என்று நியமிக்கவில்லை. நாலு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே நீலச் சட்டை. ஆகவே குரல் கொடுப்பது யார் என்பது யாரும் சொல்லாமல் தானாகவே முடிவாகிவிட்டிருந்தது. அது உம்கொட்டியின் வேலை என்றாகிவிட்டது.

உம்கொட்டி பின்னால் வந்து சேர்ந்தவன். ஆளும் ஒல்லி, குரலும் ஒல்லி. சாமானைத் தொடுவதற்கு முன் வெறுங்கையோடு ஒருமுறை படியில் ஏறி இறங்கிவிட்டு வருவான். மாடிப்படியில் எப்போதும் பாரம் இறங்கும் கீழ்ப்பக்கத்தைத்தான் பிடிப்பான். எல்லோரும் பிடித்தாகிவிட்டதா என்று கேட்பான். பிறகு "ம்" என்பான். அதட்டல் கிடையாது, அதிகாரம் கிடையாது, வெறும் "ம்". உடனே பீரோவானாலும் பியானோவானாலும் பூப்போல எழும்பும். அதைக் கேட்கும்போதெல்லாம் கிரேனுக்கு வயிறு எரியும்.

பொறாமை என்று சொன்னால் அவர் சண்டைக்கு வருவார். அவர் வராத இடத்தில் நாம் சொல்லிக்கொள்வோம்: பச்சைப் பொறாமை. எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர்கள் சாவியை உம்கொட்டி கையில் கொடுத்தார்கள். டீக்கடையில் கண்ணாடிக்காரன் பெஞ்சில் அவன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். கண்ணாடி போட்டிருந்ததால் அந்தப் பெயர் பெற்ற அவன் நேற்றுவரை கிரேனின் நிழலாக இருந்தவன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாலாவது ஆள் கிரேனுடைய சொந்த மச்சினன், மனைவியின் தம்பி. இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே கிரேன்தான். அந்தத் தடியனும் உம்கொட்டி "ம்" சொல்லாமல் ஒரு தலையணையைக்கூட நகர்த்த மாட்டான்.

ஒருமுறை கிரேன் குரல் கொடுத்துப் பார்த்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "தூக்குங்கடா" என்றார். கண்ணாடிக்காரனும் மச்சினனும் ஒருசேரத் திரும்பி உம்கொட்டியின் முகத்தைப் பார்த்தார்கள். அன்று ராத்திரி கிரேனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. ரகசியம் அந்த "ம்"மில்தான் இருக்கிறது என்று நினைத்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தார். கனமாக ஒரு ம், இழுத்து ஒரு ம், மூக்கால் ஒரு ம். வெளியிலிருந்து மனைவி கதவைத் தட்டி, வயிறு சரியில்லையா, கஷாயம் போடட்டுமா என்று கேட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தக் கண்ணாடி வைத்த அலமாரி வந்தது. மூன்றாவது மாடி, குறுகலான படி. அந்தக் காலத்துத் தச்சன் ஆணியே இல்லாமல் இழைத்துச் சேர்த்தது, கழற்றவும் முடியாது. வீட்டுக்கார அம்மா உம்கொட்டியிடம், நீங்கள்தான் தலைவரா என்று கேட்டாள். தலைவரெல்லாம் யாரும் இல்லை என்று அவன் சிரித்தான். அவள் அதைக் கேட்டுக்கொண்டு, சாவியை அவன் கையிலேயே கொடுத்தாள். கிரேன் பக்கத்திலேயே மலைபோல நின்றுகொண்டிருந்தார், அவள் கண்ணில் படவில்லை.

அலமாரியை இறக்கினார்கள். மேல்பக்கம் கிரேனும் கண்ணாடிக்காரனும், கீழ்ப்பக்கம் உம்கொட்டியும் மச்சினனும். படி திரும்புகிற இடத்தில் கீழே வைத்து இளைப்பாறினார்கள். கீழே இருந்த இருவரையும் அலமாரி மறைத்தது. எல்லோரும் மறுபடி பிடித்தார்கள். இன்னும் ஒரு நொடியில் அந்த "ம்" வரப்போகிறது என்று கிரேனுக்குத் தெரிந்தது. இந்த ஒருதரமாவது அது வருவதற்கு முன்னால் என்று நினைத்தார். "தூக்கு" என்று படிக்கட்டே அதிரும்படி கத்தி, தன் மூலையைத் தூக்கினார்.

கீழேயும் ஒரு மூலை எழும்பியது. கையில் அவருக்கே தெரிந்தது. நான் சொல்லி எழும்புகிறது என்று மனசு குதித்தது. அந்தச் சந்தோஷம் முடிவதற்குள் அலமாரி முறுக்கிக்கொண்டு சுவரில் போய் மோதியது. கண்ணாடி உடைந்து படியெல்லாம் சிதறியது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உம்கொட்டியின் இரண்டு விரல்கள் மாட்டிக்கொண்டன.

அவன் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில் கிரேன் கணக்கைத் தனக்குத் தோதாகப் போட்டுக்கொண்டார். மச்சினன் தூக்கியிருக்கிறான், என்ன இருந்தாலும் சொந்தம் சொந்தம்தான். உம்கொட்டி வேண்டுமென்றே தூக்காமல் இருந்திருக்கிறான், என்னை அவமானப்படுத்த. அதனால்தான் மாட்டினான், நன்றாக வேண்டும். அந்த வாரம் முழுக்க மச்சினனுக்கு டீயும் வடையும் அவர் செலவு.

முதலாளி வெளியூரிலிருந்து வந்ததும் மூன்று பேரையும் லாரிக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, அன்றைக்குக் குரல் கொடுத்தது யார் என்று கேட்டார். கிரேன் கெட்டவர் இல்லை. மறைக்க அவருக்கு வராது. கொஞ்சம் பெருமையும் இருந்ததோ என்னவோ, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் குடுத்தேன்."

முதலாளி சிரித்துவிட்டார். "சும்மா உம்கொட்டியைக் காப்பாத்தப் பாக்காத. நீ சொல்லி எவன்யா தூக்குவான்?"

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். செய்த தப்பைக்கூடத் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் போன ஆத்திரத்தில் கிரேனுக்குக் காது சிவந்தது. மச்சினனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இவன் தூக்கினான். கேட்டுப் பாருங்க."

மச்சினன் தலையைச் சொறிந்தான். "நான் தூக்கல மாமா. அவன் இன்னும் சொல்லலையேன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

கண்ணாடிக்காரனும், தான் அலமாரியைப் பிடித்தபடி சும்மாதான் நின்றதாகச் சொன்னான். கீழே இருந்தது இரண்டு பேர். ஒருவன் தூக்கவில்லை என்றால் மற்றவன்தான் தூக்கியிருக்க வேண்டும். முதலாளி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கிரேன் காதில் விழவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் உம்கொட்டியின் வீட்டுக்குப் போனார். இதுவரை அந்த வாசலை அவர் மிதித்ததில்லை. ஒரே அறை, ஒரே நாற்காலி. அவன் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து, நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துப் போட்டு இடம் பண்ணினான். கிரேன் உட்காரவில்லை. வலி எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

"அவனுங்க ரெண்டு பேரும் சும்மா நின்னானுங்க. நீ ஏன்டா தூக்கின?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை.

"நீங்க சொன்னீங்களேண்ணே," என்றான்.

ஒருவர் சொன்னால் அப்படியே நம்பித் தூக்க இவனால் எப்படி முடிகிறது என்று கிரேனுக்கு அதிலும் பொறாமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இவன் "ம்" சொல்லி ஒரு தடவைகூடத் தான் பல்லைக் கடிக்காமல் தூக்கியதில்லை.