மலேசியாவில் ஒரு வீடு, நாச்சியாரிடம் ஒரு வேண்டுதல்

வெள்ளிக்கிழமை பஜனையில் என்னோடு உட்காருகிற உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாளாக நினைப்பு. இந்த ராமலட்சுமி வாய்க்கு ராஜபாளையத்தில் பயப்படாத ஆள் கிடையாது என்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்த வாய் அடைத்துப் போயிற்று.

இரண்டு ஆடிப்பூரத்துக்கு முன்னால் நாங்கள் இருந்த நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் கலங்காத மனிதர். அவரே செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வத்திராயிருப்பில் இருந்த தென்னந்தோப்பை விற்று, அவருடைய ஓய்வுப் பணத்தையும் சேர்த்து, மலேசியாவில் பதினைந்தாவது மாடியில் ஒரு வீடு வாங்கியிருந்தோம். கட்டி முடிக்காத வீடு. படத்தில்தான் பார்த்தோம். கீழே நீச்சல் குளமெல்லாம் போட்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுத்தான் ஏஜென்ட் அதை விற்றான். வாடகை வெளிநாட்டுக் காசில் வரும், உட்கார்ந்து சாப்பிடலாம் என்றான். என் வீட்டுக்காரருடைய பட்டாளத்து நண்பர்களும் ஆளுக்கொரு வீடு வாங்கினார்கள். நம் ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்குவதென்றால் எப்படி வாங்குவோம்? நாலு எல்லையையும் நடந்து பார்ப்போம். பக்கத்துக் காட்டுக்காரரிடம் விசாரிப்போம். குத்தகைக்கு யார் உழுகிறார்கள், உள்ளே சாமி பீடம் ஏதும் இருக்கிறதா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம். கடல் தாண்டிய நிலத்துக்கு இதில் ஒன்றையும் செய்யவில்லை.

அதற்குப் பதிலாக நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆண்டாள் நாச்சியாரைக் கும்பிட்டுவிட்டுப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் இரண்டையும் குலுக்கிப் போட்டுக் கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு. சரியாகக் குலுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் போட்டேன். வெள்ளை வருகிற வரைக்கும் போட்டேன். கூறு கெட்டவள்! நாச்சியார் வாயைப் பிடுங்கிப் பதில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச மாதத்தில் கட்டட வேலை நின்றுவிட்டது. ஏஜென்டைப் பிடித்துக் கேட்டால், "அந்த எடத்துல கொஞ்சப் பேரு காலி பண்ண மாட்டேங்காக மதினி. ஒரு கோயிலு வேற இருக்கு, கேஸு நடக்கு. வாங்குனவுக எல்லாரும் சீக்கிரம் காலி பண்ணித் தாங்கன்னு கையெழுத்துப் போட்டா சோலி முடிஞ்சிரும்" என்றான். போட்டோம். என்ன கோயில் என்று நான் கேட்கவில்லை. வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிற நான் கேட்கவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய் நெய்விளக்குப் போட்டேன். "தாயே, அந்தச் சனங்கள அங்கருந்து கெளப்பி விட்ரு" என்று வேண்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த வார்த்தையைத்தான் வேண்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல் பிரகாரத்தில் உட்கார்ந்து அழுதேன். "எனக்கு இனிமே கேக்கத் தெம்பில்ல. எது நியாயமோ அதச் செய்யி" என்றேன். அன்று திரும்பி வருகிற பஸ்ஸில்தான், கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "ஏட்டி, ஒரு எட்டு நேர்ல போயிப் பாத்துட்டு வருவமா?" என்றார். அத்தனை மாதமாக எங்கள் இருவருக்கும் தோன்றாத புத்தி. நாச்சியார் பதில் சொல்ல ஆரம்பித்தது அந்த பஸ்ஸில்தான் என்று இப்போது எனக்குத் தெரியும்.

என் வளையலை விற்று டிக்கெட் போட்டோம். போய் இறங்கினால், நாங்கள் வாங்கிய வீட்டுக்குப் பதிலாக ஒரு தகர வேலி. அதற்குப் பின்னால் ஒரு வேப்பமரம், சின்னதாக ஒரு மாரியம்மன் கோயில், பழைய ரப்பர் தோட்டத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிய லயன் வீடுகள் ஒரு வரிசை. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயது இருக்கும். பெயர் பவுனம்மா. எங்களைப் பார்த்ததும், "ஊர்லேருந்தா வர்றீங்க? ஆத்தாவப் பார்க்க வந்தீங்களா?" என்று முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஆளுக்கு ஒரு டம்ளர் பாலில் மைலோ மாவு கலந்து கொடுத்தாள்.

"எங்க தாத்தா கப்பல்ல வந்து இந்தக் காட்ட வெட்டுனவரு. தோட்டத்த வித்துட்டாங்க, எங்களப் போகச் சொல்றாங்க. நாங்க எங்க போறதுக்கா?" என்றாள். "பின்னால இன்னொரு வரிசை வீடு இருந்துச்சு. மாடி வீடு வாங்குனவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டு அனுப்புனாங்களாம். அத வச்சு மெஷின் வந்துருச்சு. என் தங்கச்சி வீடு அதுல போச்சு. வாங்குனவங்க மனசு மாறணும்னு நீங்களும் ஆத்தாகிட்ட வேண்டிக்குங்கக்கா."

ஐயோ! அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தாயி, அந்த வீட்ட வாங்குனவுக நாங்கதான்."

பவுனம்மா ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கேள்விதான் கேட்டாள்.

"எத்தனாவது மாடி?"

"பதினஞ்சு."

"அவ்வளவு உசரத்துலேருந்து பார்த்தா நாங்க தெரிஞ்சிருக்க மாட்டோம்" என்றாள். பிறகு, "மைலோ ஆறுது, குடிங்க" என்றாள்.

அந்த மாரியம்மன் முன்னால் விழுந்து கும்பிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன். இவள் வீட்டை இவளுக்கே விட்டுவிடு, எங்களுக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வேறு ஒருத்தியின் வீட்டுக்காக வேண்டினேன்.

அந்த லயன் வீட்டுக்காரர்களுடைய வக்கீலைப் பார்த்து, முன்பு போட்ட கையெழுத்து விவரம் தெரியாமல் போட்டது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். ஊருக்கு வந்து, வீடு வாங்கிய மற்றவர்களிடமும் சொன்னோம். "ஏலே, எங்க எல்லாரையும் கவுத்துட்டியே" என்று அவருடைய சிநேகிதர் தெருவில் நின்று கத்தினார். ரெஜிமெண்டில் கூட உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர், இன்றுவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஆனால் சில பேர் எங்களைப்போலவே எழுதிக் கொடுத்தார்கள்.

தை மாதம் பவுனம்மா போன் பண்ணினாள். கோயிலும் மிச்சம் இருக்கிற வரிசையும் அப்படியே இருக்கலாம் என்று கேஸில் முடிவாகிவிட்டது. எங்கள் கட்டடம் வரவே வராது. போட்ட பணத்தில் கொஞ்சம் திரும்பி வந்தது, மிச்சம் போனது போனதுதான். அவர் இப்போது செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். வத்திராயிருப்பு பஸ்ஸில் போனால் தோப்பு வருகிற இடத்தில் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது. அதற்கே தாயாருக்குக் கோடி நமஸ்காரம்.

நீங்களும் கேளுங்கள். நாச்சியாரிடம் எதையும் கேட்கலாம், அவள் காது கொடுப்பாள். வெளிநாட்டிலோ வெளியூரிலோ இடம் வாங்குகிறவர்கள் மட்டும் முதலில் போய் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து கேளுங்கள். நான் பார்க்காமல் கேட்டவள். அவள் பொறுத்துக்கொண்டாள்.

போன வாரம் பவுனம்மா மறுபடியும் கூப்பிட்டாள். சித்திரையில் அவர்கள் ஆத்தாவுக்குத் திருவிழாவாம்.

"ரெண்டு பேரும் வரணும்க்கா. எங்க வீட்லதான் தங்கணும். தங்கச்சி குடும்பமும் இங்கதான் கெடக்கு. பரவால்ல, நெருக்கிப் படுத்துக்கலாம்."

வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. அந்தத் தங்கச்சி முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.