செம்புள்ளி விழுந்த வைரம்

இல்லை, கல்லால் அல்ல. மஞ்சள் காமாலையால்.

செவ்வாய்க்கிழமை காலை நகைக்கடைக்குத் தொலைபேசி வந்தது. மல்லிகாவின் தம்பி. "அக்கா போயிட்டாங்க." ரிசீவரை வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "அந்தக் கல்லு வேலையைக் காட்டிடுச்சு."

அதனால் எழுதுகிறேன்.

மல்லிகா நிலவியல் படித்தவர். தொண்ணூற்றைந்தில் ஆம்பூரிலிருந்து பெங்களூர் வந்தார். ஈஜிபுராவில் ஒற்றை அறை. கடையில் என் பக்கத்து மேசை. லென்ஸ் வழியே வைரங்களில் குறை தேடுவது எங்கள் வேலை.

வாங்குகிறவர்கள் கல்லை மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். யாருக்காவது தலைவலி வந்தாலும் தோஷம் என்று கல் கடைக்குத் திரும்பிவிடும். மல்லிகாவுக்கு இது தெரியும். ஆனாலும், மகள் கல்யாணத்துக்குக் கல் பார்க்க வந்த ஓர் அம்மாளிடம் லென்ஸை நீட்டினார். கல்லுக்குள் கண்டதைக் காட்டும் சந்தோஷம்தான் காரணம்.

"பாருங்கம்மா, உள்ள ஊசிமுனை அளவு சிவப்பு. அது கார்னெட்ங்கற வேற கல்லு. நூறு மைல் ஆழத்துல, அந்தச் சூட்டுல, அழுத்தத்துல கார்பன் வைரமா வளருது. பக்கத்துல இருந்த இதையும் உள்ள வச்சு மூடிக்கிச்சு. அப்புறம் எரிமலை வெடிச்சு மேல தூக்கிட்டு வந்துடுச்சு."

"நிலக்கரிதானே வைரமாகுது?"

"நிலக்கரிக்கு மரம் வேணும்மா. இது உண்டானப்ப பூமியில மரமே கிடையாது."

அம்மாள் கையை இழுத்துக்கொண்டார். "ரத்தம் மாதிரி இருக்கு. பேடாம்மா, பேடா! வேண்டவே வேண்டாம்!"

முதலாளி அந்தக் கல்லை மல்லிகாவின் தலையிலேயே கட்டினார். "நீங்களே போட்டுக்குங்க, புரொபசரம்மா."

மூக்குத்தியாகப் போட்டுக்கொண்டார். மூன்று வருடம். தும்மினால் சிரிப்பார்: "பாருடி, தோஷம்."

ஆஸ்பத்திரியில் சிரிக்கவில்லை. கண்கள் மஞ்சள். "கல்லு மேல பழி போட்டுருவாங்கடி. விட்டுடாத. பாவம், எவ்வளவு ஆழத்துலேர்ந்து வந்திருக்கு."

நான் அவர் போர்வையைச் சரிசெய்தேன். விடமாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

மூக்குத்தி இல்லாத அவர் முகத்தை, அந்த மூன்று வருடத்தில், துக்க வீட்டில்தான் முதல்முறை பார்த்தேன். மூக்கில் ஒரு சிறிய துளை. அதற்குள் இருட்டு. வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

அவருடைய அம்மா மூக்குத்தி இருந்த காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். "ஏரியில எங்கயாவது போட்டுடும்மா."

"முடியாதும்மா. நான் போட்டுக்கறேன்."

அவர் பொட்டலத்தின் மேல் என் விரல்களை மடக்கிவிட்டார்.

மல்லிகா, விடமாட்டேன். போய் வாருங்கள்.

சனிக்கிழமை விவேக் நகரில் மூக்குக் குத்திக்கொண்டேன். திங்கட்கிழமை அந்தக் கல்லோடு வேலைக்குப் போனேன்.