கோஜோ என்ற பேர்

போன ஞாயிறு மாதா கோயிலில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கலியாண அறிவிப்பு ஓலையைப் பங்குச் சுவாமி வாசித்தபோது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், என் எட்டு வயதில் கேட்ட அக்காவின் ஓலை நினைவில் எழுந்தது.

அப்போது புளியந்தீவில் இருந்தோம். பப்பா தச்சுவேலை செய்தார். வீடெல்லாம் தேக்குத் தூள் மணக்கும். சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையின் தாய், "ஓலையில கோஜோ எண்ட உங்கட குடும்பப் பேர் வேணாம். அது அடிமைப் பேராமே," என்றார். மம்மா பப்பாவைக் கண்ணால் கெஞ்சினார். அக்காவுக்கு அந்த மாப்பிள்ளை மேல் ஆசை.

பப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கட பூட்டனை மேற்கு ஆபிரிக்காவுல இருந்து கட்டிக் கப்பல்ல கொண்டு வந்தவனுகள். அடிமைப் பேர் எசமான் வைச்சது. விடுதலை கிடைச்ச அண்டைக்கே பூட்டன் அதை விட்டுப்போட்டு, தாய் கூப்பிட்ட பேரைத் திரும்ப எடுத்தவர். அதுதான் கோஜோ."

அறைக்குள் நின்ற அக்கா வெளியே வந்தாள். "அந்தப் பேரோடதான் நான் வருவன். இல்லாட்டி இந்தக் கலியாணம் வேணாம்."

மாப்பிள்ளையின் தாய் முகம் சுளித்தார். கூட வந்திருந்த மாப்பிள்ளையோ, "பேரோடயே வரட்டும், மம்மா," என்றார்.

அடுத்த ஞாயிறு சுவாமி "கோஜோ" என்று உரத்து வாசித்தார். முழங்காலில் இருந்த பப்பா, கோயில் முழுக்கப் பார்க்க, எழுந்து நின்றார்.